மூன்று புரிக் கயிறு

இராமாயணச் சொற்பொழிவுகளில் தவறாமல் வரும் ஓர் இடம் உண்டு. இலங்கை வேந்தனையும் அவன் தம்பியர் இருவரையும் பற்றிப் பேச்சு வரும்போது சொற்பொழிவாளர் சற்றே நிறுத்தி, மூன்று விரல்களை உயர்த்துவார். இராவணன் இராசத குணம். கும்பகருணன் தாமத குணம். வீடணன் சத்துவ குணம். அவை தலையசைக்கும். நாமும் பலமுறை தலையசைத்திருக்கிறோம். ஆசையும் ஆற்றலும் மிக்கவன் ஒருவன், உறங்குகிறவன் ஒருவன், அறம் உரைத்தவன் ஒருவன். கணக்கு அவ்வளவு அழகாகப் பொருந்திவிடுகிறது.

வீட்டுக்கு வந்து கம்பனைப் பிரித்தால்தான் கணக்கு இடிக்கிறது. மந்திரப் படலத்தில் அந்த உறங்குகிறவன் அண்ணனின் முகத்துக்கு நேரே பேசும் பேச்சில் உறக்கக் கலக்கம் எதுவும் இல்லை. மானம் மானம் என்று பேசிக்கொண்டே பிறன் மனைவியைச் சிறைவைத்திருக்கும் முரண்பாட்டை அவன் எடுத்து வைக்கும் விதத்தில் ஒரு சொல்லைக் குறைக்க முடியாது. பின்பு போருக்கென எழுப்பப்பட்டு வரும்போதும், சீதையை விட்டுவிடு என்றே முதலில் சொல்கிறான். கேட்கப்படவில்லை. தோல்வி உறுதி என்று தெரிந்தே களம் புகுகிறான். அங்கே வீடணன் வந்து அழைக்கும்போது மறுத்துவிட்டு, நீ அங்கேயே இரு, நாங்கள் எல்லோரும் மாண்டபின் எள்ளும் நீரும் இறைக்கக் குலத்தில் ஒருவன் வேண்டும் என்கிறான். தெளிவு, பாசம், கடன், சினம், விடாப்பிடி எல்லாம் ஒரே நெஞ்சில் நெய்யப்பட்ட மனிதனாக அவனைக் கம்பன் நமக்குக் காட்டுகிறான். அவனைத் 'தாமதம்' என்ற ஒற்றைச் சொல்லில் அடைப்பது, ஒரு மரத்தை 'விறகு' என்று சொல்லி முடிப்பது போன்றது.

இதைச் சொல்வதனால் கும்பகருணனுக்குச் சத்துவப் பட்டம் வாங்கித் தர நாம் முனைவதாகக் கொள்ள வேண்டாம். பட்டம் கட்டும் வழக்கமே நமக்கு உறுத்துகிறது. முக்குணக் கொள்கை முதலில் எதைச் சொல்ல வந்தது, இன்று நாம் அதை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்ற இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. அத்தொலைவில் சிலருக்கு இழப்பும் நேர்ந்திருக்கிறது.

குணம் என்ற சொல்லுக்கு வடமொழியில் இழை, புரி, கயிறு என்னும் பொருள்கள் உண்டு. வில்லின் நாணையும் அது குறிக்கும். பண்பு என்பது அதன் இன்னொரு பொருள். வைசேடிகர் இந்த இரண்டாவது பொருளை எடுத்துக்கொண்டார்கள். அவர்கள் கணக்கில் பொருள் வேறு, அதைச் சார்ந்து நிற்கும் குணம் வேறு. காக்கை பொருள், கருமை குணம். சாங்கியர் வழி அதுவன்று. அவர்களுக்குச் சத்துவம், இரசசு, தமசு மூன்றும் இயற்கையின் மேல் பூசப்பட்ட பண்புகள் ஆகா. இயற்கை என்பதே அம்மூன்றும்தான். மூன்று புரிகளைத் திரித்தால் கயிறு. புரிகளைப் பிரித்தெடுத்துவிட்டுக் 'கயிறு எங்கே' என்று கேட்க முடியாது. புருடனைக் கட்டும் கயிற்றின் இழைகளாக இருப்பதனாலேயே இவற்றுக்குக் குணம் என்று பெயர் வந்தது என்று 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த விஞ்ஞானபிட்சு விளக்குகிறார். 'குணம்' என்றதும் 'நல்ல குணம், கெட்ட குணம்' என்று ஓடும் நம் தமிழ்ச் செவிக்கு இந்த இடம் வழுக்கும். வழக்குத் தமிழில் குணம் என்றாலே நல்லது என்றுதானே பொருள்? நோய் தீர்ந்தால் 'குணமாயிற்று' என்கிறோம்.

சாங்கியம் தமிழுக்குப் புதிதன்று. வஞ்சி நகரில் மணிமேகலை பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டுச் செல்லும் காதையில் சாங்கியவாதியும் தன் தத்துவ வரிசையைச் சொல்கிறான். நீலகேசியில் சாங்கிய வாதத்துக்கென்றே ஒரு சருக்கம் இருக்கிறது. பரிமேலழகர் நீத்தார் பெருமை அதிகாரத்தின் ஏழாம் குறளுக்கு உரை எழுதும்போது சாங்கிய நூலின் இருபத்தைந்து தத்துவங்களையும் எடுத்துப் பேசுகிறார். 'மகத்' என்னும் வடசொல் அங்கெல்லாம் 'மான்' என்று தமிழுருவம் கொள்கிறது. முதன்முறை படிக்கும் இளைஞர், தத்துவ வரிசையின் நடுவே மான் எப்படித் துள்ளி வந்தது என்று திகைப்பதைப் பார்த்திருக்கிறோம். நாமும் ஒரு காலத்தில் திகைத்தோம் என்பதால் சிரிக்கவில்லை.

இக்கொள்கைக்கு இன்று நமக்குக் கிடைக்கும் பழைய முழு நூல் ஈசுவரகிருட்டிணரின் சாங்கிய காரிகை. எழுபத்துச் சொச்சம் பாக்கள்தாம். பரமார்த்தர் 6-ஆம் நூற்றாண்டில் அதை உரையோடு சீன மொழியில் பெயர்த்தார் என்பதால், அதற்கும் முற்பட்டது என்பது உறுதி. அதன் 12, 13 ஆகிய இரண்டு காரிகைகளைப் பொறுமையாகப் படித்தாலே நாம் சொல்ல வந்ததில் பாதி விளங்கிவிடும். சத்துவம் இலேசானது, ஒளிர்விப்பது. இரசசு தூண்டுவது, இயங்குவது. தமசு கனமானது, மறைப்பது. மூன்றும் ஒன்றையொன்று அடக்கும், ஒன்றையொன்று சார்ந்திருக்கும், ஒன்றையொன்று பிறப்பிக்கும், ஒன்றோடொன்று இணைந்தே செயற்படும். உவமை விளக்கு. உரைகாரர்கள் அதை விரித்துச் சொல்கிறார்கள்: எண்ணெய் மிகுந்தால் சுடரை அணைக்கும், சுடர் எண்ணெயைத் தின்னும், திரி இரண்டுக்கும் இடையில் கருகும். ஒன்றுக்கொன்று பகையான மூன்றும் கூடித்தான் வெளிச்சம் தருகின்றன. எண்ணெயையும் திரியையும் இழிந்தவை என்று ஒதுக்கிவிட்டுச் சுடரை மட்டும் மாடத்தில் வைக்க யாராலும் முடியாது.

கௌடபாதர் பெயரால் வழங்கும் உரையில் வரும் இன்னோர் எடுத்துக்காட்டு நமக்கு மிகப் பிடித்தது. மூடி மறைப்பது தமசின் இயல்பு. அந்த இயல்பைக் கொண்டே தமசு மற்ற இரண்டின் வேலையையும் செய்துவிடும் என்பதற்கு அவர் மேகத்தைக் காட்டுகிறார். வானத்தை மூடும் கருமேகம் உலகுக்கெல்லாம் இன்பம் தருகிறது. அது சத்துவத்தின் வேலை. உழவனை ஏரைப் பூட்டச் செய்கிறது. அது இரசசின் வேலை. பிரிந்திருப்பவரை மயக்கத்தில் ஆழ்த்துகிறது. அது தமசின் சொந்த வேலை. ஒரே மேகம்!

முல்லைத்திணை படித்தவர்களுக்கு இந்த இடத்தில் நெஞ்சு சற்று நிற்கும். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிச் சென்றான் தலைவன். மேகம் கவிந்துவிட்டது, கொன்றை பூத்துவிட்டது, அவன் வரவில்லை. இது கார் அன்று, காலமல்லாத காலத்து மழை, அதைக் கண்டு கொன்றை ஏமாந்து பூத்துவிட்டது என்று தோழி சாதிக்கிறாள். பொய்தான். தலைவிக்கும் அது பொய் என்று ஒரு மூலையில் தெரியும். அந்த மழையிலேயே ஆயர் மகிழ்கிறார்கள், காடு தளிர்க்கிறது, வினை முடித்த தலைவனின் தேர் விரைகிறது. மகிழ்ச்சி, விரைவு, மயக்கம் மூன்றையும் ஒரே மழைக்குள் வைத்துப் பார்த்த கவிகள் நம்மவர். அவர்கள் சாங்கியம் படித்திருந்தார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வதற்கு எந்தச் சான்றும் வேண்டியதில்லை என்று நினைக்கும் சிலரோடு நமக்கு உடன்பாடு இல்லை. சாங்கியர் ஒரு மேகத்தைக் கூர்ந்து பார்த்தார்கள், முல்லைப் புலவர்களும் பார்த்தார்கள். அவ்வளவே. இரு சாராரும் மேகத்தைத் 'தாழ்ந்தது' என்று எழுதி வைக்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி.

வாசஸ்பதி மிசிரரின் தத்துவ கௌமுதி இதே கருத்துக்கு வேறோர் உவமை சொல்கிறது. அழகும் இளமையும் உடைய ஒருத்தி கணவனுக்கு இன்பமாகவும், சக்களத்திகளுக்குத் துன்பமாகவும், அவளை அடைய முடியாத வேறொருவனுக்கு மயக்கமாகவும் இருக்கிறாள் என்பது. தருக்கம் அதேதான். ஆனால் அவள் தனக்குத் தான் எப்படி இருந்தாள் என்று உரைகாரர் கேட்கவேயில்லை. மேகத்திடம் அப்படிக் கேட்க வேண்டிய தேவை இல்லை. அதனால்தான் மேகம் நல்ல உவமை.

தமசைப் பற்றி இன்னும் ஒன்று. காரிகையின்படி அகங்காரம் இரண்டு பக்கம் கிளைக்கிறது. சத்துவம் மிகுந்த பக்கத்திலிருந்து மனமும் பத்து இந்திரியங்களும் பிறக்கின்றன; தமசு மிகுந்த பக்கத்திலிருந்து ஐந்து தன்மாத்திரைகளும், அவற்றிலிருந்து மண், நீர், தீ, வளி, வெளி என்னும் ஐம்பூதங்களும் வருகின்றன. இரண்டையும் நகர்த்துவது இரசசு. அப்படியானால் நாம் நிற்கும் தரையும் குடிக்கும் நீரும் தமசின் வழித்தோன்றல்கள். கனம் இல்லையென்றால் நிலை இல்லை. மூன்றும் சமநிலையில் நின்றால் உலகமே இல்லை. அந்நிலைக்குத்தான் மூலப்பகுதி என்று பெயர். சமநிலை குலைந்ததன் விளைவே படைப்பு. எனவே சத்துவம் மட்டுமே நிறைந்த ஓர் உலகை விரும்புகிறவர், சாங்கியத்தின் கணக்குப்படி, உலகமில்லாமையைத்தான் விரும்புகிறார்.

தமிழ் இந்தத் தமசை எப்படி வாங்கிக்கொண்டது என்று பார்ப்பது சுவையானது. தாமச என்ற சொல் நம்மிடம் 'தாமதம்' ஆயிற்று. பேருந்து தாமதம், சம்பளம் தாமதம் என்று நாள்தோறும் நூறு முறை தத்துவச் சொல் ஒன்றை உச்சரிக்கிறோம், அறியாமலே. கீதையின் பதினெட்டாம் அத்தியாயம் 28-ஆம் சுலோகத்தில் தாமதனான கருத்தாவுக்குச் சொல்லப்படும் அடைமொழிகளில் கடைசி 'தீர்க்கசூத்திரி', அதாவது நூலை நீட்டிக்கொண்டே போகிறவன், செய்ய வேண்டியதைத் தள்ளிப் போடுகிறவன். தமிழ் வழக்கு அந்தக் கடைசிப் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, பழியையும் பயங்கரத்தையும் கழற்றி எறிந்துவிட்டது. இது நம் மக்களின் நல்லறிவு என்றே தோன்றுகிறது. தாமதம் யாருக்கும் நேரும். காலையில் தாமதமாக வந்தவர் மாலையில் முன்னதாகவே வரலாம்.

கீதையை எடுத்துக்கொண்டதால் அதையே தொடர்வோம். முக்குணங்களைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது சாங்கிய காரிகை அன்று, கீதைதான். 14, 17, 18 ஆகிய அத்தியாயங்களில் அறிவு, செயல், கருத்தா, உறுதி, இன்பம், உணவு, வேள்வி, தவம், தானம் எல்லாம் மும்மூன்றாகப் பிரிக்கப்படுகின்றன. இந்தப் பிரிப்புதான் பிற்காலத்துப் பட்டம் கட்டலுக்கு வாய்ப்பாடாயிற்று. ஆனால் வாய்ப்பாட்டை ஒப்பிக்கிறவர்கள் 14-ஆம் அத்தியாயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கே 6-ஆம் சுலோகம் சத்துவமும் கட்டும் என்கிறது. எதனால் கட்டும்? இன்பத்தின் மீதுள்ள பற்றினாலும் அறிவின் மீதுள்ள பற்றினாலும். இதைப் படித்ததும் நம்மைப் போன்ற புத்தகப் புழுக்களுக்குக் கொஞ்சம் சுட வேண்டும். நல்ல நூல், நல்ல இசை, நாலு நண்பர்களோடு இலக்கியப் பேச்சு, அதன்பின் மற்றவர்களைவிட நாம் ஒரு படி மேல் என்ற மெல்லிய நிறைவு. கயிறு பட்டுக் கயிறாக இருப்பதால் கட்டியிருப்பது தெரிவதில்லை.

அதே அத்தியாயத்தின் 10-ஆம் சுலோகம் மூன்றும் மாறி மாறி ஒன்றையொன்று அடக்கி மேலெழும் என்கிறது. ஒரே மனிதனுக்குள் நிகழும் அலைகள் அவை. 18-ஆம் அத்தியாயத்தின் 40-ஆம் சுலோகமோ மண்ணிலும் விண்ணிலும், தேவரிடத்தும்கூட, இம்மூன்றிலிருந்து விடுபட்ட உயிர் எதுவும் இல்லை என்று அடித்துச் சொல்கிறது. குணங்களைக் கடந்தவன் யார் என்று அருச்சுனன் கேட்கும்போது கிடைக்கும் விடை இன்னும் நுட்பமானது: ஒளியும் இயக்கமும் மயக்கமும் வரும்போது வெறுக்காதவன், அவை போனபின் ஏங்காதவன். அடுத்த வீட்டுக்காரரின் குணத்தை அளப்பதற்கு இங்கே எந்தக் கருவியும் தரப்படவில்லை. தன் நெஞ்சில் இப்போது எது எழுந்திருக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவனுக்குச் சொல்லப்பட்ட பாடம் இது.

இந்தப் பாடத்தை நாம் எங்கே கொண்டுபோய் விட்டோம் என்பதற்குச் சாப்பாட்டைவிட நல்ல சான்று இல்லை. 'சாத்விக உணவு' என்று இன்று நகரத்து உணவகங்கள் பலகை வைக்கின்றன. வெங்காயமும் பூண்டும் சேர்க்காதது என்று அதற்குப் பொருள். கீதையின் 17-ஆம் அத்தியாயத்தில் உணவைப் பற்றி வரும் மூன்று சுலோகங்களில் வெங்காயம் இல்லை, பூண்டும் இல்லை. புலாலும் பெயர் சொல்லிக் குறிக்கப்படவில்லை. 'வேள்விக்கு ஆகாதது' என்ற சொல்லுக்குள் அதை அடக்கிப் பொருள் கொள்வோர் உண்டு. வெங்காயத்தையும் பூண்டையும் விலக்கியது மனுநூலின் ஐந்தாம் அத்தியாயம். அது இருபிறப்பாளருக்கு விதித்த விலக்கு, அங்கே முக்குணப் பேச்சே கிடையாது. இரண்டு வெவ்வேறு நூல்களின் வெவ்வேறு கவலைகளை ஒரே பாத்திரத்தில் போட்டுக் கிண்டியிருக்கிறோம்.

சரி, கீதை உண்மையில் என்ன சொல்கிறது? கசப்பு, புளிப்பு, உப்பு, கடுஞ்சூடு, காரம் மிகுந்தவை இராசதனுக்குப் பிரியமானவை. அப்படியென்றால் புளிக்குழம்பும் மிளகு ரசமும் ஆவக்காயும் எங்கே போகும்? தாமதனுக்குப் பிரியமானவற்றுள் 'பர்யுஷிதம்' என்று ஒன்று வருகிறது; சமைத்தபின் ஓர் இரவு கடந்தது என்று சங்கரர் உரை செய்கிறார். நம் நாட்டில் இரவு கடந்த உணவு எது? பழைய சோறு. நாற்று நடுகிறவளும் ஏர் பிடித்தவனும் விடியலில் குடித்துவிட்டுப் போன நீராகாரம். அதை அவர்கள் விரும்பித்தான் குடித்தார்களா, வேறில்லாமல் குடித்தார்களா என்பது ஒரு கேள்வி. அந்தச் சோற்றை வைத்து அவர்களைத் தாமதர் என்று சொல்லும் உரிமை, அவர்கள் நட்டு அறுத்த நெல்லைச் சுடச்சுட வடித்துச் சாப்பிட்டவருக்கு உண்டா என்பது அடுத்த கேள்வி. சுலோகத்தின் சொல்லமைப்பையும் கவனிக்க வேண்டும். இன்ன உணவு இன்ன ஆளை ஆக்கும் என்று அங்கே இல்லை. இன்னவனுக்கு இன்னது பிரியம் என்றே இருக்கிறது. உணவு தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்ற சாந்தோக்கிய உபநிடதக் கருத்தை இதோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அங்கே 'ஆகாரம்' என்பதற்கு ஐம்புலன்கள் வழியே உள்ளே செல்லும் எல்லாமும் என்று சங்கரர் பொருள் கொண்டார். அந்தப் பொருளில் பார்த்தால் வெங்காயத்தைவிடத் தொலைக்காட்சியில் இரவு நடக்கும் வாய்ச்சண்டைதான் முதலில் விலக்கத்தக்கது.

வீடு வாடகைக்கு விடும்போது, விருந்தில் பந்தி பிரிக்கும்போது, பள்ளியில் பிள்ளைகளின் உணவுப் பெட்டியைத் திறக்கும்போது இந்தச் சொற்கள் எப்படிப் பயன்படுகின்றன என்பதை வாசகர்கள் அறிவார்கள். 'அவர்கள் தாமசம் சாப்பிடுகிறவர்கள்' என்று சொல்லப்படும் வாக்கியத்தில் தத்துவம் ஒரு துளியும் இல்லை. இன்னாருடைய வாசல் இன்னாருக்குத் திறவாது என்பதன் நாகரிகமான வடிவம் அது.

இந்த வழி இன்று நேற்றுப் போடப்பட்டதன்று. மனுநூலின் 12-ஆம் அத்தியாயம் பிறவிகளை முக்குணப்படி அடுக்கும்போது தாமத கதியின் நடுப்படியில் யானை, குதிரை, சூத்திரர், இழிந்த மிலேச்சர், சிங்கம், புலி, பன்றி ஆகியோரை ஒரே வரிசையில் வைக்கிறது. இயற்கையின் இழையாக இருந்த ஒன்று, மனிதரை விலங்கோடு சேர்த்துக் கட்டும் கயிறாகிவிட்டது. கீதையின் நாலு வருணமும் குணத்தாலும் செயலாலும் பிரிக்கப்பட்டவையே, பிறப்பால் அல்ல என்று வாதிடுகிற நண்பர்கள் நமக்கும் உண்டு. அவர்களது நல்லெண்ணத்தை ஐயுறவில்லை. குணம் எல்லோரிடத்தும் அலையலையாய் மாறுவது என்று 14-ஆம் அத்தியாயம் சொல்லியிருக்க, மாறுகிற ஒன்றைக் கொண்டு மாறாத ஒரு பிரிவை எப்படி நிறுத்துவீர்கள் என்று கேட்டால் மட்டும் அவர்கள் முற்பிறவிக்குப் போய்விடுகிறார்கள். அங்கே நாம் தொடர முடிவதில்லை.

பட்டம் கட்டுவதில் மக்களோடு நின்றதா? நூல்களுக்கும் கட்டினார்கள். பத்ம புராணத்தின் உத்தர கண்டம் பதினெண் புராணங்களை மூன்று ஆறாகப் பிரிக்கிறது. திருமாலைப் பாடும் விஷ்ணு, நாரதீய, பாகவத, கருட, பத்ம, வராக புராணங்கள் சாத்துவிகம். சிவம், இலிங்கம், ஸ்காந்தம் முதலியவை தாமதம். தன்னையும் சாத்துவிக வரிசையில் சேர்த்துக்கொள்ள அந்நூல் மறக்கவில்லை. காஞ்சிக் குமரகோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியார் பாடிய கந்தபுராணத்துக்கு மூலம் இந்த ஸ்காந்தம்தான். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள். ஊர் ஊராக, யாழ்ப்பாணத்துக் கோயில்களில் இன்றளவும், படித்துப் பயன் சொல்லும் மரபுடைய நூல். அதன் ஊற்றுக்கண் 'தாமதம்' என்று ஓர் ஏட்டில் எழுதப்பட்டிருக்கிறது என்றால், அந்தச் சொல்லின் மதிப்பு என்ன என்று சைவர் மட்டுமின்றி எவரும் கேட்கலாம். தம் தெய்வத்துக்குச் சத்துவம், அடுத்த தெருவின் தெய்வத்துக்குத் தாமதம் என்பது தத்துவ வாதம் ஆகாது. தெருச் சண்டைக்குச் சமற்கிருதம் தேடிக் கொடுத்த கவசம் அது.

இதற்கு எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானதும்கூட. தரவரிசை சாங்கியத்திலேயே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. காரிகை 54, மேலுலகில் சத்துவமும் நடுவில் இரசசும் கீழே தமசும் மிகுந்தவை என்கிறது. கீதை 14-ஆம் அத்தியாயத்தில் சத்துவத்தில் நிற்பவர் மேலே செல்கிறார்கள் என்றும் சொல்கிறது. அறம், அறிவு, பற்றின்மை, ஆற்றல் ஆகியவை புத்தியின் சத்துவ வடிவங்கள் என்று காரிகை 23 பேசுகிறது. தமசின் பக்கம் இவற்றின் எதிர்மறைகள். எனவே மூன்றும் ஒரே மதிப்புடையவை என்று நாம் வாதிட்டால் அது நூலுக்குச் செய்யும் துரோகம். பயிற்சியில் இறங்கியவனுக்குத் திசை வேண்டும். சோம்பலிலிருந்து செயலுக்கும், செயலின் வெறியிலிருந்து தெளிவுக்கும் நகர வேண்டும் என்பது நடைமுறை அறிவு. இதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் சாங்கியத்தின் இலக்கு சத்துவத்தில் போய் உட்கார்ந்துகொள்வதில் இல்லை. புருடன் வேறு, மூன்று புரிகளும் வேறு என்று அறிவதில் இருக்கிறது. மேற்படியும் கயிற்றில் உள்ள படிதான். இதைத் தமிழ்நாட்டு மரபுகள் இரண்டும் தத்தம் வழியில் நன்றாகவே உணர்ந்திருந்தன. பிள்ளை உலகாசிரியர் தத்துவத்திரயத்தில் அசித்தை மூன்றாகப் பிரித்து, இரசசும் தமசும் கலவாத 'சுத்த சத்துவம்' என்பதைத் தனியே வைத்து, அது பரமபதத்துக்கு உரியது என்றார். நாம் வாழும் இவ்வுலகுக்கு அவர் தந்த பெயர் 'மிச்ர சத்துவம்', கலப்புச் சத்துவம். கலப்பில்லாத சத்துவம் இங்கே கிடையாது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. சைவ சித்தாந்தமோ முப்பத்தாறு தத்துவங்களில் மூலப்பகுதியையும் அதன் குணங்களையும் கீழ்ப்பகுதியில் வைத்துவிட்டு, அதற்கு மேலும் ஏற வேண்டிய படிகள் பல உண்டு என்றது. சத்துவ உணவு உண்டதனாலேயே கரை கண்டுவிட்டதாக எண்ணுகிறவர் இருபத்துநான்காவது படியையும் தாண்டவில்லை என்பதே இதன் பொருள்.

பிறரை எடைபோடவே கூடாதா என்று கேட்டால், போடாமல் வாழ முடியாது. ஒருவரை வேலைக்கு வைக்கிறோம், ஒருவரை நம்பிப் பணம் கொடுக்கிறோம். வள்ளுவர் தெரிந்து தெளிதல் அதிகாரத்தில் அதற்கு வழி சொல்கிறார்: நல்லதைப் பார், குறையைப் பார், எது மிகுதி என்று பார். எல்லோரிடமும் இரண்டும் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டு தொடங்கும் எடை அது. வினைக்கு ஆள் தெரிவதோடு முடிந்துவிடும் எடை. ஆளின் உயிருக்கே நிறம் பூசும் வேலையை அவர் செய்யவில்லை.

நமக்கு இதில் உள்ள கவலை, ஒளிக்காமல் சொன்னால், பாதி இலக்கியக் கவலை. முக்குணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு கதை படிக்கிறவர்களுக்குக் கதை படிக்கத் தெரியாமல் போய்விடுகிறது. வீடணனின் நெஞ்சில் அண்ணனை விட்டு வந்த நெருடல் ஒருபோதும் எழவில்லையா? இலங்கையின் முடி அவனுக்குச் சூட்டப்பட்டபோது அவன் கண்ணில் என்ன இருந்தது? சத்துவம் என்று எழுதி மூடிவிட்டால் இந்தக் கேள்விகளும் மூடப்படுகின்றன. காரிகையை ஒழுங்காகப் படித்தவனுக்கோ இவை இயல்பாகவே எழும், ஏனென்றால் எந்த இழையும் தனியே நிற்காது என்பதுதான் அவன் படித்த முதற் பாடம்.

களத்தில் மூக்கும் செவியும் கைகால்களும் இழந்து கிடக்கும் கும்பகருணன், இராமனிடம் இரண்டு வேண்டுகோள் வைக்கிறான். தம்பியைக் கைவிடாதே என்பது ஒன்று. மூக்கிழந்த இந்த முகத்தைத் தேவரும் முனிவரும் பார்த்து நகையாமல், கழுத்தை அறுத்துத் தலையைக் கடலில் ஆழ்த்திவிடு என்பது மற்றொன்று. தம்பியின் மேல் வைத்த அன்பு, தன் முகத்தின் மேல் வைத்த மானம், யாரும் காணாத கடலின் இருட்டு. இராமன் இரண்டையும் செய்துகொடுக்கிறான், எது எந்தக் குணம் என்று கேட்காமல்.